சின்ன பைக்குக்கு இரண்டு கண்ணாடி

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் அவர். தடித்த விரல்கள், நரைத்த மீசை. சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து, உள்ளங்கை அளவு மாடல் பைக் ஒன்றைச் செய்துகொண்டிருப்பார். எனக்கும் அதில் பைத்தியம். ஒருநாள் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருடைய மகன் ஆசையாக மாற்றியமைத்த பைக்கின் அச்சு அசல் அது: கறுப்பு டேங்க், சிவப்புக் கோடு, குட்டை சைலன்சர். ஜாக்கெட்டில் தைக்கும் கண்ணாடியை நறுக்கி, ஹேண்டிலின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, இந்த ஸ்டைலுக்கு மிரர் வெச்சா கெத்தே போயிடும். எடுத்துடுங்க.”

“என் புள்ளையும் இதையே சொல்லித்தான் கயட்டிப் போட்டான்” என்றார், நிமிராமல். “வல்லம் ரோட்ல பின்னாடி வந்த டிரெய்லர் லாரி அவனுக்குத் தெரியல.”

பசை காய்ந்ததும் பைக்கை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“குனிஞ்சு பாரு தம்பி. பின்னாடி இன்னா வருதுன்னு தெரியுதா?”

அரிசி மணி அளவுக் கண்ணாடியில் என் கண் மட்டும் தெரிந்தது.

“தெரியுது அண்ணா.”

மறுநாளும் அதையே கேட்டார். அதற்கு மறுநாளும்.

ஷிஃப்ட் முடிந்து படப்பையில் இருக்கும் வீடு வரை இப்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே ஓட்டுகிறேன். என் பைக்கிலும் கண்ணாடி கிடையாது.