எண்ணெய் தேடிப் போய் இருவாச்சிக் கூடு பார்த்தேன்

சித்தேரி மலையில் இருவாச்சிப் பறவை பார்க்க எப்போது போகலாம் என்று பலர் கேட்கிறீர்கள். நான் போனது 1973 மே மாதம். பார்க்க அல்ல, பிடிக்க! மனைவி ஸ்டெல்லாவுக்குத் தலைப்பிரசவமாகி இருபது நாள். தாயில்லாப் பெண். மூட்டு வலியில் பிள்ளையைத் தூக்க முடியாமல் அழுதாள். இருவாச்சிக் கொழுப்பை உருக்கித் தேய்த்தால் வலி பறந்துவிடும் என்று கடத்தூர் சந்தையில் ஒருவர் சத்தியம் செய்தார். நானும் பெரிய வீரன் மாதிரி வலையோடு கிளம்பிவிட்டேன்.

கம்பைநல்லூரில் காலை ஆறு மணி பஸ். அரூருக்கு எழுபது காசு, அங்கிருந்து அடிவாரத்துக்கு நாற்பது காசு. பிறகு எட்டு மைல் ஏற்றம். நான்காவது மைலில் செருப்பு அறுந்தது. சாமைக் காட்டைத் திருத்திக்கொண்டிருந்த மாதன் என்ற விவசாயி கூழ் கொடுத்து, தங்க இடமும் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். “காலையில காட்டறேன், வாங்க” என்றதோடு சரி.

மறுநாள் ஏழு மணிக்கு ஓடைக்கரை மருத மரத்தடிக்குக் கூட்டிப்போனார். கீழே பழக்கொட்டைகளும் எச்சமும் சிதறிக் கிடந்தன. மேலே, மூன்று ஆள் உயரத்தில், ஒரு பொந்தின் வாய் மண் பூசி அடைபட்டிருந்தது. நடுவில் ஒரு கீறல் மட்டும்.

“பொட்டை உள்ள போயி, எச்சத்தையும் மண்ணையும் வெச்சுத் தானே பூசிக்குமுங்க. றெக்கையெல்லாம் கொட்டிப்போயிருக்கும். பறக்க முடியாது.”

தள்ளிப்போய் ஒரு புதர் மறைவில் உட்கார்ந்தோம். அப்போது ஆண் வந்தது. பருந்து அளவு, சாம்பல் உடம்பு, நுனி வெளுத்த நீள வால், வளைந்த அலகின் மேல் சின்னக் கொம்பு. தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக வரவழைத்துக் கீறலில் நீட்டியது. உள்ளேயிருந்து ஒரு அலகு நுனி வாங்கிக்கொண்டது. கண் எடுக்காமல் பார்த்தேன்.

இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “இந்த ஒண்ணு கெடைச்சாப் போதுங்க” என்றேன்.

“புடிச்சுக்குங்க. உள்ள இருக்கறதுக்கும் குஞ்சுக்கும் நீங்க தெனம் வந்து ஊட்டுவீங்களா? பொந்து பூசுன மரத்துல எங்காளுங்க கோடாலிகூட வெக்க மாட்டாங்க.”

கோபமில்லாமல்தான் சொன்னார். என் முகம் சுண்டிப்போனது. ஸ்டெல்லா அழுவதும் காதில் கேட்டது. அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆண் மூன்று முறை வந்து போயிற்று. வலையைப் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கினேன்.

வெறுங்கையோடு வந்தவனிடம் ஸ்டெல்லா முழுக் கதையும் கேட்டாள். “அந்த ஆம்பளப் பறவை எத்தன தடவ வந்துச்சுங்க?”

“அரைமணியில மூணு தடவ.”

“நீங்க போயி ரெண்டு நாளாச்சு. பக்கத்து வூட்டு அக்காதான் கஞ்சி ஊத்துனாங்க.”

எழுந்துபோய் வெந்நீர் வைத்தேன். அன்று முதல் வெந்நீர் ஒத்தடமும், பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் வைப்பதும் என் வேலை. ஆடி பிறப்பதற்குள் அவளே தூக்கிவிட்டாள். எந்த எண்ணெயும் தேய்க்கவில்லை.

இப்போது மேலே வரை பஸ் போகிறது. மார்ச்சிலிருந்து மே வரை போங்கள். மரத்துக்கு ஐம்பது அடி தள்ளியே உட்காருங்கள். நெருங்கினால் ஆண் பழத்தோடு திரும்பிவிடும். தண்ணீர் நிறைய வேண்டும். வீட்டில் பிள்ளை பெற்றவள் படுத்திருந்தால் மட்டும், அடுத்த வருஷம் போய்க்கொள்ளுங்கள்.