முப்பத்தெட்டுப் பவுன் கிராத்தான்

யசோதினியின் சமையலறையில் மிகவும் குளிர்ந்த பொருள் எது என்று கேட்டால், போறணை என்றுதான் சொல்ல வேண்டும். பாரிஸில் லா ஷப்பல் மெத்ரோ நிலையத்திலிருந்து நாலு நிமிட நடையில், மூன்றாம் மாடியில் அந்த வீட்டை எடுத்தபோது அது அடுப்புக்குக் கீழே, கதவு வைத்த சூட்டுப் பெட்டியாக, ஒட்டிக்கொண்டு வந்தது. பிரெஞ்சுக்காரர் அதற்குள் கோழி சுடுவார்கள். யசோதினி முதலில் தாச்சிச் சட்டிகளை அடுக்கினாள். பிறகு, சட்டிகளுக்குப் பின்னால், நகைகளை வைத்தாள். பதினொரு வருடத்தில் ஒருநாளும் அதன் திருகை யாரும் திருகியதில்லை.

சிரிப்பவர்கள் புறநகரான லெ பிளாங்-மெனிலில் இருக்கும் அவளுடைய மச்சாள் தில்லைநாயகியிடம் போய்க் கேட்கலாம். அங்கே கள்ளர் வந்தபோது நேரத்தை வீணாக்கவில்லை. அரிசி வாளி, சீனிப் பேணி, சாமிப் படத்தின் பின்பக்கம், கூறைச் சேலையின் மடிப்பு. ஒரு தமிழ்க் குடும்பம் இருபது வருடம் யோசித்துக் கண்டுபிடித்த இடங்களை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் திறக்காமல் விட்டது போறணையை மட்டும்தான். போறணை என்றால் சமைக்கிற இடம் என்று நம்புகிற கள்ளர்.

யசோதினி பயப்படுவதற்குத் தகுதி உள்ளவள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் ஒரு நாளைக்குப் பதினாறு அறை துப்புரவு செய்கிறாள். காலுறைக்குள், தலையணை உறைக்குள், ஷாம்பு போத்தலுக்குப் பின்னால் என்று மனிதர் ஒளித்து வைக்கும் எல்லாவற்றையும் பார்த்தவள். ஒளிப்பிடம் என்று ஒன்று உலகத்தில் இல்லை என்பது அவளுடைய தொழில் அனுபவம். ஆனாலும் போறணையை நம்பினாள். எதையாவது நம்பாமல் மனுசர் நித்திரை கொள்ள முடியாதே.

உள்ளே இருந்தது முப்பத்தெட்டுப் பவுன்: தாலிக்கொடி, அட்டியல், பதக்கச் சங்கிலி, பன்னிரண்டு காப்பு. கழுத்தில் மெல்லிய சங்கிலி ஒன்றோடு அவள் வேலைக்குப் போய்வர, பதினொரு பவுன் கொடி சட்டிக்குப் பின்னால் கிடந்தது. எல்லாம் மகள் சுஜானிக்கு. தனக்கு அதில் ஒன்றும் வேண்டாம் என்று சுஜானி பிரெஞ்சில் பலமுறை சொல்லியிருக்கிறாள். பிரெஞ்சில் சொல்வதைத் தாய் கணக்கில் எடுப்பதில்லை.

இப்படியிருக்க, மே மாதத்தில் படிக்கட்டுச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. ஒட்டியவர் கீழ்வீட்டு மதாம் மொரேல், ஓய்வுபெற்ற ஆசிரியை. இப்போது அந்தக் கட்டடமே அவருக்கு வகுப்பு. வருடா வருடம் அயலவர் எல்லோரும் முற்றத்தில் கூடிச் சாப்பிடுவது வழக்கம். இம்முறை போட்டி. கிராத்தான் போட்டி. காய்கறியையோ மீனையோ ஒரே தட்டில் அடுக்கி, மேலே சீஸ் தூவி, போறணையில் வைத்துப் பொன்னிறமாக எடுப்பதுதான் கிராத்தான். ஆறிப்போன கிராத்தான் அட்டை மாதிரி இருக்கும் என்பது மதாமின் கொள்கை. ஆகவே யாரும் தட்டைக் கீழே கொண்டுவரக் கூடாது. அயலவர் எல்லோரும் மாடி மாடியாக ஏறி, அந்தந்த வீட்டுப் போறணை வாயிலேயே நின்று சாப்பிடுவார்கள்.

மூன்றாம் மாடிக்கு நேரே யசோதினியின் பெயர் இருந்தது. சுஜானியின் கையெழுத்து.

"உன்னை ஆரடி எழுதச் சொன்னது?"

பதினொரு வருடம் இருக்கிறோம், இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் எங்களைத் தெரியாது என்றாள் சுஜானி, பிரெஞ்சில்.

"தெரியாமல் இருக்கிறதுதானடி பாதுகாப்பு!"

கணவன் கரிகாலனுக்கு ஓர் உணவகத்தின் குசினியில் பதினெட்டு வருடமாக வேலை. நாளுக்கு நாற்பது கிராத்தான் செய்பவன். வீட்டில் புட்டைத் தவிர வேறொன்றும் தொடமாட்டான்.

"என்னப்பா, பேரை வெட்டச் சொல்லுங்கோவன்."

"வெட்டினால் ஏன் வெட்டினதெண்டு கேப்பினம். உந்த வீட்டுக்குள்ளை என்னவோ இருக்கெண்டு நினைப்பினம்."

அவன் பகிடிக்குச் சொன்னான். அவள் எழும்பிப் போய்க் கதவுப் பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

காரணம் நாலாம் மாடி மொசியூ ஃபெரான். தனிக்கட்டை. கையில் எப்போதும் ஒரு கறுத்தப் பை; நடக்கும்போது உள்ளே இரும்பு கிலுங்கும். படியேறும்போது மூன்றாம் மாடியில் மட்டும் அவருடைய கால் மெதுவாகும். கதவின் குமிழ்க்கண்ணாடி வழியாக அவள் இரண்டு வருடமாகப் பார்த்துவருகிறாள். அந்த மனிதர் நின்று, அவளுடைய கதவைப் பார்ப்பார். ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு போய்விடுவார். இப்போது அதே மனிதர் வீட்டுக்குள்ளேயே வந்து போறணையைப் பார்க்கப் போகிறார், அதுவும் அழைப்பின்பேரில்.

இரண்டு வாரம் முப்பத்தெட்டுப் பவுன் வீட்டுக்குள் ஊர்வலம் போனது. உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குள் வைத்தாள். சுஜானி ஜீன்ஸ் போட வந்தாள். மெத்தைக்குக் கீழே வைத்தாள். ஹோட்டலில் முதலில் தான் தூக்குவதே மெத்தையைத்தான் என்று நினைவு வந்தது. காலியான போறணையில் ஒத்திகையும் நடந்தது. இடியப்பத்தை ஓர் அடுக்கு, பொரித்த கத்தரிக்காய் ஓர் அடுக்கு, இறால் குழம்பு ஓர் அடுக்கு, மேலே தேங்காய்ப்பால், அதற்கும் மேலே சீஸ். கரிகாலன் கதிரையில் இருந்தபடி பாடம் எடுத்தான்.

"நூற்றெண்பதிலை முப்பது நிமிசம். மேலை கொஞ்சம் கருக வேணும், விளங்குதே?"

"கலியாணம் கட்டின நாளிலையிருந்து அடி கருகாமல் பாத்தனான். இப்ப மேலை கருக வைக்கச் சொல்லுறியள்."

"நீர் பயத்திலை உப்பை ரெண்டு தரம் போட்டிட்டீர். அதை முதல் பாரும்."

போட்டியன்று பாரிஸில் முப்பத்தொரு பாகை வெயில். அன்று காலையில்தான் யசோதினிக்கு வழி தெரிந்தது. பதினான்கு பேர் புகுந்து வரப்போகும் வீட்டில் யாரும் கைவைக்காத இடம் ஒன்றே ஒன்று: அவள் உடம்பு. கொடியை, அட்டியலை, பதக்கத்தை எல்லாம் போட்டு, மேலே கழுத்து மூடிய கம்பளிச் சட்டை. காப்புகள் கிலுங்காமலிருக்கச் சுஜானியின் பழைய காலுறையை வெட்டி முழங்கை வரை மாட்டினாள். எல்லாவற்றுக்கும் மேலே குளிர்கால ஜக்கெட்.

சுஜானிக்குத் தமிழே வந்துவிட்டது. "அம்மா, உங்களுக்கு விசரோ?"

"காய்ச்சல்."

"காய்ச்சல் எண்டால் சாப்பாடு குடுக்கக் கூடாது. எல்லாருக்கும் தொத்தும்."

"இது தொத்தாத காய்ச்சல். நீ கதவைத் திற."

கீழே மதாம் மொரேலின் உருளைக்கிழங்குக்குக் கைதட்டினார்கள். இரண்டாம் மாடியில் பூசணிக்காய்க்குச் சிரித்தார்கள். பிறகு பதினான்கு சோடிச் சப்பாத்து மேலே ஏறிவந்தது. யசோதினி போறணைக்கு முன்னால் நின்று வேர்த்தாள். முதுகில் வேர்வை ஆறாக ஓடிற்று. ஒவ்வொரு முகத்தையும் விட்டுவிட்டு ஒவ்வொரு கையையும் எண்ணினாள். கடைசியாக வந்தவர் மொசியூ ஃபெரான், வேலையிலிருந்து நேரே, பையோடு. வாசலில் நின்றார். பெருவிரலால் பூட்டை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

அவரைப் பார்த்தபடியே குனிந்து போறணையைத் திறந்தாள். சூடு முகத்தில் அறைந்தது. துணியால் தட்டைப் பிடித்து வெளியே இழுத்தபோது, வேர்வையில் நனைந்து தொங்கிப்போன சட்டைக் கழுத்தால் தாலிக்கொடி வழுக்கி வெளியே வந்து, ஊஞ்சல் ஆடி, கொதிக்கும் சீஸுக்குள் இறங்கியது.

நிமிர்ந்தால் சீஸ் நூல் நூலாகக் கூடவே வருகிறது. குனிந்தால் மூக்கு வேகிறது. இரண்டு கையிலும் தட்டு.

"தட்டை விடாதையும்!" என்று கத்தினான் கரிகாலன். "யசோ, தட்டை மட்டும் விடாதையும்!"

பதினெட்டு வருடக் குசினி அனுபவம் அப்படித்தான் பேசும்.

மதாம் மொரேல் ஒரு முள்ளுக்கரண்டியால் கொடியைத் தூக்கி, கைக்குட்டையால் துடைத்து, ஆசிரியைக்குரிய நிதானத்தோடு அவள் ஜக்கெட்டின் மேலேயே விட்டார். கரண்டியில் ஒட்டியிருந்ததை வாயில் வைத்துப் பார்த்தார். "உப்புச் சரி," என்றார்.

பிறகு சுஜானி தாயின் ஜக்கெட்டைக் கழற்றினாள். இல்லாவிட்டால் அவள் அங்கேயே விழுந்திருப்பாள். தண்ணீர் குடிக்கக் கை தூக்கியபோது காலுறைகளும் கழன்றன. பன்னிரண்டு காப்பும் ஒன்றாகக் கிலுங்கின. மூன்றாம் மாடியில் என்ன இருக்கிறது என்பது இப்போது கட்டடம் முழுவதற்கும் தெரியும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மொசியூ ஃபெரான் முன்னால் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"மதாம், இவ்வளவையும் அந்தப் பூட்டை நம்பியா வைத்திருக்கிறீர்கள்?"

பையைத் திறந்து காட்டினார். சாவிகள், வளைந்த கம்பிகள், பூட்டு உருளைகள். அவர் பூட்டுத் திருத்துபவர். இரண்டு வருடமாக இந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் தனக்கு நெஞ்சு பதறுவதாகச் சொன்னார். சொல்லவும் கூச்சமாம், பூட்டைப் பற்றிப் பேசும் பூட்டுக்காரனைச் சனம் சந்தேகப்படும் அல்லவா. நிரூபிப்பதற்காக வெளியே போய், கதவைச் சாத்தச் சொல்லி, பதினொரு செக்கனில் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். யசோதினி தட்டவில்லை.

முதல் பரிசு மதாம் மொரேலுக்கு; வாக்குகளை எண்ணியவரும் அவரே. யசோதினி ஒரு வாக்கால் இரண்டாவது. மொசியூ ஃபெரான் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். திங்கட்கிழமை வந்து மூன்று தாழ் உள்ள புதுப்பூட்டு ஒன்றைப் பொருத்தினார். கூலியாக இன்னொரு தட்டு இடியப்பக் கிராத்தான் போதும் என்றுவிட்டார்.

சாவியை வாங்கும்போது அவள் கேட்டாள்: "இதை உங்களால் திறக்க முடியுமா?"

அவர் நேர்மையான மனிதர். கதவைப் பார்த்து யோசித்தார். "நாற்பது நிமிடம் பிடிக்கும்," என்றார்.

பதினொரு செக்கன் எங்கே, நாற்பது நிமிடம் எங்கே. ஆனாலும் அந்த நாற்பது நிமிடக்காரர் தலைக்கு மேலேயே குடியிருக்கிறார். கள்ளர் வந்தால் முதலில் ஓடிவரப்போகிறவரும் அவர்தான் என்பது அவளுக்குத் தெரியும். எதை நினைத்து நித்திரை கொள்வது என்பதுதான் தெரியவில்லை. பசித்த பூட்டுக்காரரை மேல்மாடியில் வைத்திருப்பது புத்தியல்ல என்று ஞாயிறுதோறும் போறணையை மூட்டுகிறாள். ஒரு தட்டு நாலாம் மாடிக்குப் போகிறது.

சென்ற ஞாயிறு, எரிகிற போறணையைப் பார்த்துக்கொண்டு கரிகாலன் மெதுவாகக் கேட்டான்: "அப்ப... அதெல்லாம் இப்ப எங்கை வைச்சிருக்கிறீர்?"

யசோதினி புதுப்பூட்டின் மூன்று தாழையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து இருந்தாள்.

"உங்களுக்குச் சொன்னால் நித்திரையிலை புலம்புவியள்."