சகலனின் ஜீப்பில் நெடுந்தீவு

1974 பங்குனி மாதத்துச் சனிக்கிழமையொன்று. காலை ஐந்தே முக்காலுக்கு வேலணையில் என் மாமனார் வீட்டுப் படலையடியில் இரண்டு வாகனங்கள் நின்றன. ஒன்று என்னுடைய ஏ-40 கார். மற்றது என் சகலன் தருமலிங்கத்தின் ஜீப். கலியாண வீடோ செத்த வீடோ, எட்டு வருடமாக மாமா என் காரில்தான் போய்வந்தார். முன் ஆசனம் அவருடையது, கதவைத் திறந்துவிடுவது என் வேலை. அன்றும் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமா திருநீறு பூசி, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு வாகனங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு, எழுபது வயது கடந்த மனிதர், ஜீப்பில் ஏறிவிட்டார்.

"தம்பி, நீர் பின்னாலை வாரும்" என்றார் என்னைப் பார்த்து.

நான் என் காரின் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் பலமாகத்தான் சாத்தினேன்.

தருமலிங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி பரமேஸ்வரியின் தங்கை கமலத்தைக் கட்டியவர். நான் பெண் எடுத்த காலத்தில் கச்சேரியில், அதுதான் அரசாங்கக் கந்தோரில், எழுதுவினைஞன் என்றால் வீட்டுக்கு வீடு கதிரை போட்டார்கள். தருமலிங்கமோ கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டி மிளகாய்த் தோட்டம் செய்கிறவர். அவருக்குக் கமலத்தைக் கொடுக்க மாமா ஆறு மாதம் யோசித்தார். பிறகு வெளிநாட்டு மிளகாய் வருவதை அரசாங்கம் நிற்பாட்டியது. செத்தல் மிளகாய் பவுன் விலைக்குப் போனது. இரண்டு போகம் முடிய தருமலிங்கம் கொழும்பில் ஏலத்துக்குப் போய் இந்த ஜீப்போடு வந்து இறங்கினார். நான் இன்னும் அதே கச்சேரியில், அதே மேசையில்.

அது பட்டாளத்துப் பச்சை நிறம். மேலே கன்வஸ் கூடாரம், பின்னால் எதிரெதிராக இருக்க இரண்டு இரும்பு வாங்கு. பலாக்காய்த் தோல்போல முள்ளு முள்ளாக ரயர். கதவே கிடையாது. கியர் தடிக்குப் பக்கத்தில் சிவப்புக் குமிழோடு இன்னொரு சின்னத் தடி. அதைத் தள்ளினால் நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும். அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. இருந்தும் நான் முதல் நாளே அதைச் சுற்றி மூன்று தரம் நடந்தேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

போகிற காரியம் இது. மாமாவின் பிறந்த ஊர் நெடுந்தீவு. தீவின் மேற்கு அந்தத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். அதன் திருவிழாவில் ஒருநாள் உபயம் மாமாவின் குடும்பத்துக்கு உரியது. பூசை முடிந்ததும் ஐயர் உபயகாரரை அழைத்து, வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய்ப் பாதி, பூ எல்லாம் வைத்த தட்டைச் சபை முன்னிலையில் கையில் கொடுப்பார். அதுதான் காளாஞ்சி. எங்கள் பக்கத்தில் இந்தத் தட்டுக்காக அண்ணன் தம்பி முகம் பாராமல் இருந்திருக்கிறார்கள். மாமாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. இந்த வருடத்தோடு அதை ஒரு மருமகனுக்கு ஒப்படைக்கப் போவதாகத் தைப்பொங்கலன்று சொல்லியிருந்தார். முறைப்படி அது மூத்த மருமகனுக்கு. மூத்த மருமகன் நான். ஆனால் கோயிலுக்குக் கடைசி இரண்டு மைலுக்குத் தெருவே இல்லை. முழங்கால் வருத்தத்தால் மாமா போன வருடம் போகவில்லை. இந்த முறை அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஜீப். தட்டும் அதன் சொந்தக்காரருக்கே போய்விடுமோ என்பதுதான் என் பயம்.

வேலணையிலிருந்து குறிகட்டுவான் துறை பத்து மைலுக்குக் கிட்ட. புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதித் தெருவில் இரு பக்கமும் கடல், அசையாத கடல். மற்ற நாளில் என்றால் நின்று பார்த்திருப்பேன். அன்று முன்னால் போன ஜீப்பின் புழுதியைத்தான் பார்த்தேன். இறுப்பிட்டியடியில் தெருப் பள்ளங்களுக்குள் நான் பிரேக் பிடித்துப் பிடித்துப் போக, தருமலிங்கம் நேரே விட்டார். ஒவ்வொரு பள்ளத்திலும் மாமா எழும்பி விழுந்தார். விழும்போதெல்லாம் சிரித்தார்.

"அப்பு சிரிக்கிறார், பாருங்கோ" என்றாள் பரமேஸ்வரி, சந்தோஷமாக.

"அவருக்கு இடுப்பு முறியப்போகுது" என்றேன்.

ஏழு மணிக்குத் துறை. என் காரைப் பூவரச மர நிழலில் விட்டேன். ஜீப்பைக் கடல் கடத்துவது எப்படி என்று கேட்பீர்கள். இரண்டு பெரிய வள்ளங்களைப் பக்கம் பக்கமாகக் கட்டி, குறுக்கே பனந்தீராந்தியும் பலகையும் பரப்பி, கடலின் வற்றும் பெருக்கும் பார்த்து, துறைமேடையும் பலகையும் ஒரே மட்டத்துக்கு வரும் நேரத்தில் ஏற்றுகிறார்கள். மோட்டார் வள்ளம் ஒன்று முன்னால் இழுத்துக்கொண்டு போகும். போக வர நூற்றெண்பது ரூபா. தண்டயல் யோசேப்பு, வள்ளத்துக்கு அவர்தான் தலைவர், ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார்.

"மாடு ஏத்தினனாங்கள், குதிரை ஏத்தினனாங்கள். இதெண்டால் நல்ல சீவன், கத்தாமல் உதையாமல் வருது" என்றார்.

தருமலிங்கம் ஜீப்புக்குள்ளேயே இருந்துகொண்டார். நாங்கள் மோட்டார் வள்ளத்தில். ஏழெட்டு மைல் கடலை இரண்டரை மணித்தியாலத்தில் கடந்தோம். நயினாதீவுக் கோபுரம் பின்னால் போன பிறகு கொஞ்சம் அலை. கட்டிய கயிறு கிறீச்சிட்டது. அந்தக் கயிறு அறுந்தால் என்ன என்று நினைத்தேன். தருமலிங்கம் நீந்திக் கரைசேர்ந்துவிட வேண்டும், அவருக்கு ஒரு கீறலும் விழக்கூடாது. ஜீப் மட்டும் போகட்டும். கயிறு அறவில்லை.

பத்து மணிக்கு நெடுந்தீவின் மாவிலித்துறை. மேடையிலிருந்து இறங்கியதும் ஜீப் மணலில் புதையும் என்று எதிர்பார்த்தேன். தருமலிங்கம் சிவப்புக் குமிழைத் தள்ளினார். ஜீப் ஒருமுறை உறுமி, மணலை இரண்டு பக்கமும் எறிந்துகொண்டு மேட்டில் ஏறி நின்றது. சனம் கூடிவிட்டது. அப்போதுதான் நான் அந்தப் பிழையை விட்டேன்.

யாழ்ப்பாணத்தில் யாருடைய பொருளையும் வாய்விட்டுப் புகழக்கூடாது. புதுவீடு என்றாலும், கொழுத்த மாடு என்றாலும், முதற்பிள்ளை என்றாலும் "பழுதில்லை" என்பதோடு நிற்பாட்டிவிட வேண்டும். அதற்கு மேலே போனால் நாவூறு, வாயால் படுகிற கண்ணூறு. எனக்கு இது தெரியாதா? ஆனால் மனதுக்குள் மாதக்கணக்காக அடைத்து வைத்தது தன்பாட்டில் வெளியே வந்துவிட்டது.

"அம்மாடி! என்ன இழுவை! இதுக்கு ஈடாய் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் ஒண்டு கிடையாது!"

கமலம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் விளங்கியிருக்க வேண்டும்.

நெடுந்தீவுக்குள் போகிறவர்கள் மதில்களைப் பார்க்க வேண்டும். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. கடற்கல்லைக் கல்லின்மேல் கல்லாக அடுக்கி நெஞ்சளவுக்குக் கட்டியிருக்கிறார்கள். காணிக்குக் காணி, ஒழுங்கைக்கு ஒழுங்கை அதுதான் வேலி. ஒழுங்கைகள் மாட்டு வண்டிலுக்கு அளந்தவை. ஜீப் இரண்டு பக்கமும் நாலு விரல் இடைவெளியில் போனது. மாமா முன்னால், நான், பரமேஸ்வரி, கமலம் பின் வாங்குகளில், காலுக்கு நடுவே அரிசி மூட்டை, பானை, விறகு, கமலத்தின் தோட்டத்து மிளகாய்ப் பை. இரும்பு வாங்கு என் எலும்பை எண்ணியது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த உயரத்தில் இருந்து மதில்களுக்கு மேலாலே தீவைப் பார்த்துக்கொண்டு போவது ஒரு தனிச் சுகம். காருக்குள் குந்தியிருக்கிற ஒருவனுக்கு அது கிடையாது.

மதில்கள் முடிந்த இடத்தில் வெளி. கட்டைப் புல், இடைக்கிடை கள்ளி, தூரத்தில் கடல். மட்டக் குதிரைகள் இருபது முப்பது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. மாமா இளம்வயதில் அவற்றுக்குப் பின்னால் ஓடிய கதையைச் சொல்லத் தொடங்கினார். தருமலிங்கம் "ஓம் மாமா, ஓம் மாமா" என்று கேட்டுக்கொண்டே விட்டார். கோயில் அரை மைலில் தெரிந்தது. அதற்கிடையில் வெள்ளை வெளேரென்று ஒரு உவர்த்தரை. மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. உள்ளே மாரித் தண்ணீர் இன்னும் இறங்கவில்லை.

நடுவில் போனதும் ஜீப் முன்பக்கம் குனிந்தது. சிவப்புக் குமிழைத் தள்ளினார். நாலு சில்லும் சேர்ந்து சுற்றி, நாலு குழி தோண்டின. அச்சுவரை இறங்கி நின்றது.

அந்த நேரத்தில் என் நெஞ்சுக்குள் மத்தாப்புக் கொளுத்தியதுபோல ஒரு வெளிச்சம் வந்தது என்பதை மறைக்கவில்லை. அடுத்த நிமிடமே அது அணைந்தது. பதினொன்று தாண்டிவிட்டது, பன்னிரண்டுக்குப் பூசை. மாமாவால் சேற்றில் நடக்க ஏலாது. மாமா வராவிட்டால் காளாஞ்சியும் இல்லை.

எல்லாரும் இறங்கினோம். கமலம் மூன்று கல் வைத்து, பன்னாடையில் நெருப்பு மூட்டினாள். பைக்குள் இருந்து ஒரு பிடி செத்தல் மிளகாயும் கொஞ்ச உப்பும் எடுத்தாள். பிறகு குனிந்து, நான் இப்போதுதான் காலெடுத்த தடத்தில் இருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்தாள். தருமலிங்கத்தின் தடத்தில் எடுக்கவில்லை. மாமாவின் தடத்தில் எடுக்கவில்லை. என்னுடையதில் மட்டும்.

"என்னடி செய்யிறாய்?" என்றாள் பரமேஸ்வரி.

"நாவூறு கழிக்கிறன், அக்கா. துறையிலை அத்தான் சொன்னதை எல்லாரும் கேட்டவைதானே?"

எனக்கு முகம் எரிந்தது. பரமேஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. நேரே வந்து, என் கால் தடத்தின் மேலேயே தன் காலை அழுத்தி வைத்து எடுத்தாள்.

"அவரின்ரை மண்ணை எடுத்தால் என்ரையையும் எடு. நானும்தான் இந்த ஜீப்பைப் பாத்து ஆசைப்பட்டனான்."

கமலம் அதையும் எடுத்தாள். மிளகாய், உப்பு, மண் எல்லாவற்றையும் கையில் பொத்திக்கொண்டு ஜீப்பை மூன்று தரம் சுற்றினாள். சேற்றில் ஒவ்வொரு அடியையும் இழுத்து இழுத்துத்தான் வைத்தாள். தூ, தூ, தூ என்று துப்பி, நெருப்பில் போட்டாள். இனிச் சோதனை. மிளகாய் எரிந்து நெடி எழும்பி எல்லாரும் இருமினால் நாவூறு இல்லை. நெடி வராவிட்டால் நாவூறு இருந்தது உண்மை. உண்மையானால் குற்றவாளி நான், அதுவும் காளாஞ்சி கொடுக்கும் நாளில்.

மிளகாய் கறுத்தது. புகை எழும்பியது. கடற்காற்று அதை அப்படியே வாரிக்கொண்டு குதிரைகள் பக்கம் போனது. எனக்கு ஒரு நெடியும் வரவில்லை. மாமா நெருப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் இருமினேன். கச்சேரியில் பெரியவர் வரும்போது இருமுகிற அந்தச் சின்ன இருமல் இல்லை, அடிவயிற்றில் இருந்து. உடனே பரமேஸ்வரி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினாள். இரண்டு பேரும் இருமிக்கொண்டே நின்றோம். மாமா கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் இருமினார்.

"அப்பப்பா, என்ன காரமடி பிள்ளை உன்ரை மிளகாய்!"

தருமலிங்கம் சிரித்தார். "அப்ப நாவூறு இல்லை. இது சேறுதான். வாங்கோ அண்ணை, கல்லுப் போடுவம்."

கிட்ட இருந்த இடிந்த மதிலில் கல் பொறுக்கிச் சில்லுக்கடியில் அடுக்கினோம். நானும் பரமேஸ்வரியும் பின்னால் நின்று தள்ள, ஜீப் ஒரு முக்கு முக்கி வெளியே பாய்ந்தது. சேறு முழுவதும் என் பட்டுக்கரை வேட்டியில் வந்து விழுந்தது.

பூசைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். ஊர்ச்சனம் ஐம்பது அறுபது பேர். தீபம் காட்டி முடிந்ததும் ஐயர் தட்டை எடுத்துக்கொண்டு மாமாவிடம் வந்தார்.

"இனிக் காளாஞ்சி ஆருக்கு?"

மாமா சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெளியே நின்ற ஜீப்பின் பக்கம் ஒருதரம் பார்த்தார். 

"மூத்தவருக்கு" என்றார். "அதுதானே முறை."

இரண்டு கையாலும் வாங்கினேன். எட்டு வருடம் காத்திருந்த தட்டு, நான் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. உடனே தருமலிங்கத்தைத் தேடினேன். அவர் முகம் கறுப்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அவர் கோயில் வாசலுக்கு வெளியே, ஜீப்பின் முன் விளக்கில் இருந்த சேற்றைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று திரும்பியும் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"தம்பி தருமலிங்கம், அந்தக் குதிரையளுக்குப் பின்னாலை ஒருக்கா விடும் பாப்பம்."

"ஏறுங்கோ மாமா."

மாமா முன்னால் ஏறினார். கமலம் பின்னால் ஏறினாள். நானும் காலைத் தூக்கினேன்.

"தம்பி, நீர் நில்லும்" என்றார் மாமா. "உந்தத் துள்ளலிலை தட்டுக் கொட்டுப்படும். காளாஞ்சியை நிலத்திலை வைக்கவும் கூடாது, வேறை ஆளிட்டைக் குடுக்கவும் கூடாது. வீடு போகுமட்டும் அது உம்முடைய கையிலை."

பரமேஸ்வரி என்னைப் பார்த்தாள், ஜீப்பைப் பார்த்தாள்.

"நான் ஒருக்காப் போட்டு வாறன், என்ன?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் சேலையைக் கொய்து பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

ஜீப் வெளிக்குள் பாய்ந்தது. குதிரைகள் தலையை உயர்த்தி, ஒரேயடியாகத் திரும்பி ஓடத் தொடங்கின. மாமாவின் சால்வை பறந்தது. இவ்வளவு தூரத்துக்கும் பரமேஸ்வரி சிரிப்பது கேட்டது. என் காரில் அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. வெயில் உச்சியில் நின்றது. வெற்றிலை காற்றில் பறக்காமல் பெருவிரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.