அட்மிரலின் வாங்கு

எலியேசர் நல்லதம்பிக்கு வாரத்தில் ஆறு நாள் திருகோணமலை டொக்யாட் ஸ்டோரில் வேலை. கப்பல்களுக்குக் கயிறும் பெயின்ரும் அளந்து கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பார்த்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் யாராவது உத்தியோகம் என்னவென்று கேட்டால், அவர் மனத்தில் முதலில் வருவது அந்த ஞாயிற்றுக்கிழமை வேலைதான். கோட்டைப் பக்கமிருந்த அங்கிலிக்கன் கோயிலில், ஆராதனைக்கு வருகிறவர்களை வாசலில் எதிர்கொண்டு, அங்கே வரிசையாகப் போட்டிருந்த நீள ஆசனங்களான வாங்குகளில் யார் எதில் இருக்க வேண்டுமோ அதில் கொண்டுபோய் இருத்துவது.

சின்ன வேலையென்று நினைத்துவிடக் கூடாது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த பிறகும் பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போகவில்லை. காலை ஆங்கில ஆராதனைக்கு வெள்ளை உடுப்புப் போட்ட அதிகாரிகள் வரிசையாக வருவார்கள். முதல் வாங்கு, சிவப்பு வெல்வெட் மெத்தை போட்டது, அட்மிரலுக்கு. அடுத்தது கப்டன்மாருக்கு. அப்படியே தோள்பட்டையிலுள்ள பொன்கோடு குறையக் குறைய வாங்கும் பின்னால் போகும். அந்தக் கோடுகளை ஒரு பார்வையில் எண்ணிவிடும் திறமை எலியேசருக்கு இருந்தது. ஒருமுறை மட்டும் வெயில் கண்ணில் பட்டு, ஒரு கப்டனைக் கொமாண்டர் வாங்கில் இருத்திவிட்டார். அந்தக் கிழமை முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கப்டனோ அதைக் கவனிக்கவேயில்லை.

இந்த வேலைக்கென்று அவரிடம் ஒரு வெள்ளைக் கோட்டு இருந்தது. கடற்படை அதிகாரிகளுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்த ஸைனுலாப்தீன் நானா, அதே துணியில், அதே பொத்தான் வைத்துத் தைத்துக் கொடுத்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் வாசலில் நின்றால், புதிதாக வந்த மாலுமிகள் சிலர் சல்யூட் அடித்துவிட்டுப் போவார்கள். எலியேசர் அதைத் திருத்தியதில்லை.

ஆங்கில ஆராதனை முடிந்து தமிழ் ஆராதனை. அதற்கு வருவது நம்முடைய ஆட்கள், ஒரு பத்துப் பதினைந்து குடும்பம். அவர்கள் எல்லோரும் ஞானஸ்நானத் தொட்டியடியில், கடைசி நாலைந்து வாங்குகளில் இருப்பார்கள். முன்னாலிருந்த வாங்குகள் எல்லாம் காலி. யாரும் இருக்க வேண்டாமென்று எழுதிப் போடவில்லை. ஆனால் எப்போதோ ஒரு காலத்தில் ஆங்கில ஆராதனைக்குப் பிந்திவந்த ஒரு அதிகாரி, சரி வந்ததுதான் வந்தோமென்று தமிழ் ஆராதனையில் வந்து இருந்துவிட்டுப் போனாராம். அது மறுபடி நடந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் சபையே ஒரு தலைமுறையாகப் பின்னால் இருந்தது.

ஐம்பத்தேழாம் ஆண்டு கடற்படை போயிற்று. கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்த அட்மிரல், வாசலில் எலியேசரின் கையைக் குலுக்கி, இடத்தைக் கவனமாகப் பார்த்துக்கொள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கோயிலைச் சொன்னாரோ, திருகோணமலையைச் சொன்னாரோ, போகிறபோது எல்லோரிடமும் சொல்கிற சொல்லோ தெரியாது. எலியேசருக்கு அது ஒரே ஒரு இடமாகத்தான் கேட்டது. அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் முதல் வாங்கைத் துடைத்து, வெல்வெட் மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டி எடுத்துவைத்தார்.

அவருடைய மனைவி குணேஸ்வரி தம்பலகாமத்துக்காரி. வயல்காரர் வீட்டுப் பெண். கோணேசர் கோயில் பூசையோடு வளர்ந்தவள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்து மார்த்தா என்று பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். கோயிலுக்கு ஒழுங்காக வருவாள். ஆனால் எதையும் கேட்காமல் நம்புகிற சுபாவம் இல்லை.

“இஞ்சேருங்கோ, அந்த மனுசன் இப்ப இங்கிலாந்தில தன்ர வீட்டுக் கதிரையில சாய்ஞ்சுகொண்டிருப்பார். நீங்கள் இங்க அவற்ற வாங்குக்குத் தூசி தட்டுறியள்.”

பொறுப்பு என்பது ஆள் போனாலும் போகாது என்று எலியேசர் பதில் சொன்னார். நம்முடைய வீட்டுக் கூரை ஓடு உடைந்து ஆறு மாதமாகிறது, அந்தப் பொறுப்பு எங்கே போனது என்று அவள் கேட்டாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு ஸைனுலாப்தீன் நானாவின் தையற்கடைக்குப் போய்விட்டார்.

கடற்படை போன பிறகு நானா பள்ளிக்கூட உடுப்புத் தைத்துப் பிழைத்தார். வேலை குறைந்ததால் கதை கூடியது. ஒருநாள் அவர், எங்கோ பத்திரிகையில் வாசித்ததாக ஒரு சங்கதியை எடுத்தார். உங்களுடைய சமயம் ஒரு ராசா இரண்டாம் கல்யாணம் கட்டுவதற்காகத் தொடங்கியது என்று போட்டிருக்கிறதே, உண்மையா என்று கேட்டார்.

எலியேசருக்கு முகம் சிவந்தது. ராசா கேட்டதும், ரோமிலிருந்த பாப்பரசர் மாட்டேன் என்றதும் நடந்ததுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அது கதவு திறந்த விதமே தவிர வீடு அல்ல. ராசா தன் அலுவலைப் பார்த்தார். சபை தன் அலுவலைப் பார்த்தது. லத்தீனில் இருந்த செபத்தைச் சனங்களுடைய பாஷைக்குக் கொண்டுவந்தார்கள். நற்கருணையில் குருமார் மட்டும் குடித்த திராட்சரசப் பாத்திரத்தைச் சபையார் எல்லாருக்கும் கொடுத்தார்கள். அதேநேரம் அப்போஸ்தலர் காலத்திலிருந்து கைமாறி வந்த தலைமைக் குருமாரான மேற்றிராணிமாரையும் விட்டுவிடவில்லை. இதனால்தான் கத்தோலிக்கர் எங்களைப் புரட்டஸ்தாந்தர் என்கிறார்கள், மெதடிஸ்தர் எங்களைப் பாதிக் கத்தோலிக்கர் என்கிறார்கள், நாங்கள் நடுவில் இருக்கிறோம் என்று நீளமாக விளக்கினார்.

நானா ஊசியில் நூலைக் கோத்தபடி, அந்த ராசா கடைசியில் எத்தனை பேரைக் கட்டினார் என்று கேட்டார். ஆறு என்றார் எலியேசர்.

“எங்களிட்ட வந்திருந்தா நாலு வரைக்கும் ஒரு மாதிரிச் சமாளிச்சிருக்கலாம் தம்பி. மிச்சம் ரெண்டுக்கு எங்களாலயும் ஏலாது.”

அதோடு விட்டிருக்கலாம். நானா வேறொன்றும் கேட்டார். பாத்திரத்தை எல்லாருக்கும் பொதுவாக்கிய ஆட்கள், வாங்கை மட்டும் ஏன் தனித்தனியாக வைத்திருக்கிறீர்கள்? எங்களுடைய பள்ளியில் முதலில் வந்தவன் முன்னால் நிற்பான், அவன் மீன்காரன் என்றாலும் சரி, முதலாளி என்றாலும் சரி என்றார். எலியேசர் அது வேறு, இது வேறு என்றார். எப்படி வேறு என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். வீடு வந்துவிட்டது, காரணம் வரவில்லை.

அறுபத்திரண்டில் குணரத்தினம் என்ற இளம் குருவானவர் வந்தார். சபையார் அவரை வழக்கப்படி ஐயர் என்று அழைத்தார்கள். முதல் ஞாயிறு அவர் பீடத்தடியில் நின்று பார்த்தால், எதிரே காலி வாங்குகள் கடல்போலக் கிடந்தன. அக்கரையில் கொஞ்சம் தலைகள். பிரசங்கம் முடிவதற்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

முன்னால் வாருங்கள் என்று அன்பாகக் கேட்டார். எல்லோரும் ஓம் என்று தலையாட்டினார்கள். அடுத்த ஞாயிறும் தொட்டியடியில்தான் இருந்தார்கள். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியும் காட்டுகிறவர்களை அப்போஸ்தலர் கண்டித்திருப்பதைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கித்தார். எலியேசருக்குக் கண் கலங்கியது. இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்று குணேஸ்வரியிடம் சொல்லி வருத்தப்பட்டார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

கடைசியில் ஐயர் தானே பின்னால் வந்து, தொட்டியடியில் நின்று ஆராதனை நடத்திப் பார்த்தார். அவர் பக்கத்தில் வந்ததும் கடைசி வாங்கு முதல் வாங்காகிவிட்டது. சபையாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, அவரைப் பார்க்கத் தலையும் நிமிரவில்லை. அடுத்த வாரம் பாதிப்பேர் உள்ளே வராமல் விறாந்தையில் நின்றார்கள். ஐயர் பழையபடி பீடத்தடிக்குப் போய்விட்டார்.

பின்வாங்குகாரருக்குத் தலைவர் மாதிரி ஒருவர் இருந்தார்: ரூத் அன்னலட்சுமி ரீச்சர். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. அவருடைய தகப்பனார் கடைசி வாங்கின் சுவரோர மூலையில் இருந்தவர். அந்த மூலையை விட்டு அசைவது தகப்பனாரின் கல்லறையைத் தோண்டுவதற்குச் சமம் என்பது ரீச்சரின் கட்சி. ஐயர் இரண்டு வருடம் போராடிவிட்டு, எலியேசரைக் கூப்பிட்டு, நீங்களாவது அந்த முதல் வாங்கில் ஒரு நாள் போய் இருங்கள், மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்று கேட்டார்.

“ஏலாது ஐயா. கோபிக்காதேங்கோ. அது எனக்குத் தந்த இடமில்லை.”

அறுபத்துநாலு நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த பண்டிகைக்கு, இரண்டு மூன்று நாள் இருக்கும்போது சூறாவளி அடித்தது. அதைப் பற்றித் திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். விடிந்து பார்த்தால், எலியேசர் வீட்டில் உடைந்த ஓட்டைப் பற்றிய வழக்கு தீர்ந்திருந்தது, கூரையே இல்லை. கோயில் வளவிலிருந்த வாகைமரம் பின்பக்கக் கூரையின்மேல் விழுந்து, தொட்டியடி வெட்டவெளியாகிக் கிடந்தது. முன்பக்கம் மட்டும் ஒரு ஓடுகூட அசையவில்லை.

குணேஸ்வரியோடு நனைந்த பாயும் பானையுமாக அவர் கோயிலுக்குப் போனபோது, ஐயர் கதவைத் திறந்துவிட்டு, அக்கம்பக்கத்துச் சனத்தையெல்லாம் உள்ளே எடுத்திருந்தார். வேலாயுதம் கடைக் குடும்பம், மீன்வாடிக்காரர், ஸைனுலாப்தீன் நானா, அவருடைய மகள் றுக்கியா. முதல் வாங்கின் சிவப்பு மெத்தையில் றுக்கியாவின் கைக்குழந்தை லைலா கால்பரப்பித் தூங்கிக்கொண்டிருந்தது. எலியேசர் கிட்டப் போனார். மெத்தை சூறாவளியில் நனையவில்லை. ஆனால் நனைந்துதான் இருந்தது.

அவர் வாயைத் திறந்தார். பின்னாலிருந்து குணேஸ்வரி பார்ப்பது முதுகில் தெரிந்தது. மூடினார். கப்டன்மார் வாங்கிலிருந்த மெத்தையை உருவிக்கொண்டுவந்து, ஈரமில்லாத பக்கம் பார்த்துக் குழந்தைக்கு மாற்றிப் போட்டுக்கொடுத்தார். றுக்கியா நன்றி சொன்னாள். பரவாயில்லை, அது கப்டன்மாருடையது என்றார்.

நத்தார் காலையில் மழை தூறியது. ஆராதனை இருக்கிறதென்று நானாவும் மற்றவர்களும் வெளியே போய் நிற்கப் பார்த்தார்கள். ஐயர் விடவில்லை, பீடத்துக்குப் பக்கத்து அறையில் இருக்கச் சொன்னார். சபையார் ஒவ்வொருவராக வந்து, நடுவழியில், எங்கே போவதென்று தெரியாமல் நின்றார்கள். முன்வாங்குகளைப் பார்ப்பார்கள்; எலியேசரைப் பார்ப்பார்கள்.

அன்னலட்சுமி ரீச்சர் நிற்கவில்லை. இடிந்த செங்கல்லுக்கு மேலால் சேலையைத் தூக்கிக்கொண்டு நடந்து, தகப்பனாரின் மூலைக்குப் போய், கைக்குட்டையால் வாங்கைத் துடைத்து, குடையை விரித்துக்கொண்டு இருந்துவிட்டார். தலைக்குமேல் வானம்.

ஆராதனை தொடங்கியது. யாரும் சிரிக்கத் துணியவில்லை. நற்கருணைக்கு முன்னால் சபையாரைக் கிட்டே வரும்படி கூப்பிடுகிற ஒரு இடம் உண்டு. ஐயர் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, வழக்கம்போல அடுத்ததற்குப் போகாமல், குடையைப் பார்த்தபடி நின்றார். எலியேசர் அந்த வார்த்தைகளை எத்தனையோ ஞாயிறு கேட்டிருக்கிறார். கூப்பிட்டது யாரை, வழியில் குறுக்கே நின்றது யார் என்று நினைக்க அவருக்கு முதல்முறையாக வெட்கமாக இருந்தது.

வெள்ளைக் கோட்டும் சூறாவளியோடு போயிருந்தது. நனைந்து காய்ந்த சட்டையோடு அவர் செங்கற்குவியலைத் தாண்டிப் போய், அட்மிரலுக்குக் குனிவதுபோல ரீச்சருக்கு முன்னால் குனிந்தார்.

“ரீச்சர், வாங்கோ. உங்கட இடம் முன்னுக்கு இருக்கு.”

“அது அட்மிரல்ட வாங்கு.”

“அவர் இன்னும் வரேல்ல. வந்தா அவரோட நான் கதைக்கிறன்.”

ரீச்சர் யோசித்தார். மழை வலுத்தது. குடையை மடக்கிக்கொண்டு எழுந்தார். எலியேசர் கையை நீட்டி, அந்த நீளமான கோயிலின் நடுவழியால், ஒரு கப்பல்படையே பின்னால் வருகிறது என்கிற நடையில் அவரைக் கூட்டிப்போய் முதல் வாங்கில் இருத்தினார். பிறகு திரும்பி வந்து, மற்றவர்களையும் இரண்டு இரண்டு பேராக இருத்தினார். பதவி பார்க்கவில்லை, மூட்டுவலிக்காரரை மட்டும் ஓரத்தில் வைத்தார். கடைசியில் குணேஸ்வரி, தனக்குப் பக்கத்திலிருந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். அவர் போய் இருந்தார். கோயிலில் அவர் உட்கார்ந்ததைச் சபை அன்றைக்குத்தான் கண்டது.

ஆராதனை முடிந்ததும் ரீச்சர் ஐயரைக் கிட்ட நின்று உற்றுப் பார்த்து, இவ்வளவு சின்னப்பிள்ளையென்று தெரிந்திருந்தால் இரண்டு வருடம் இப்படிப் பாடுபடுத்தியிருக்கமாட்டேன் என்று வருத்தம் தெரிவித்தார்.

கூரை திருத்த வருடக்கணக்காயிற்று. அதற்குள் முன்வாங்கு எல்லோருக்கும் பழகிவிட்டது. அதிகம் பழகிவிட்டது என்றும் சொல்லலாம். ஒருநாள் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் தெரியாமல் முதல் வாங்கில் இருந்துவிட, இது எங்களுடைய பரம்பரை இடம் என்று ரீச்சர் எழுப்பிவிட்டார். எலியேசர் இரண்டு பக்கமும் போய்வந்து சமாதானம் செய்தார். திருத்தி முடிந்த பின்பக்கம் ஆளில்லாமல் கிடந்தது. குணேஸ்வரி அங்கே பாய் விரித்துப் பாலர் வகுப்புத் தொடங்கினாள். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். லைலாவும் வந்தாள்.

குணரத்தினம் ஐயர் மாற்றலாகிப் போன பிறகு, குருவானவர் இல்லாத ஞாயிறுகளில் செபம் வாசிக்கும் பொறுப்பு எலியேசரிடம் வந்தது. எழுபத்திரண்டில் நாடு குடியரசாயிற்று. அதுவரை அவர் ராசாவுக்காகவும், ராசா இறந்த பிறகு ராணிக்காகவும் ஆயுள் முழுக்கச் செபித்தவர். இனி ராணி இல்லை, சனாதிபதி என்று மேற்றிராணியாரிடமிருந்து அறிவித்தல் வந்தது. வீட்டில் ஒரு கிழமை சொல்லிப் பழகினார். அந்த ஞாயிறு முழங்காலில் நின்று, மிகுந்த பக்தியோடு, எங்கள் ராணியாகிய சனாதிபதி அவர்களை என்று தொடங்கிவிட்டார்.

குணேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எலியேசர் கண்ணைத் திறக்காமல் கொஞ்சம் யோசித்தார். பிறகு, ஆளுகிற எல்லாரையும், அவர்களிடம் அகப்பட்டிருக்கிற எங்களெல்லாரையும் ஆண்டவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடித்தார்.

அந்தச் செபத்துக்குச் சபையார் சொன்ன ஆமென் வீதியால் போனவர்களுக்கும் கேட்டதாம். அதற்குப் பிறகு, குருவானவர் இல்லாத ஞாயிறுகளிலெல்லாம், அந்தச் செபத்தையே வாசிக்கும்படி ரீச்சர் முன்வாங்கிலிருந்து கண்ணால் காட்டுவார். எழுபத்தொன்பதில், மத்தியானச் சோறு உண்டு சாய்ந்தவர் எழும்பாமல் போகும்வரை, எலியேசர் நல்லதம்பி அதை அப்படியே வாசித்துவந்தார்.