அம்மா தண்ணீர் குடிக்காத டவுன்

என் அம்மா மங்களம் பகலில் தண்ணீர் குடிக்கமாட்டார். இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான். விரதமில்லை. போக இடமில்லை.

ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டியவர். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டதும் தையல் மெஷினோடு டவுனுக்கு வந்தார். மலேசியாவில், ஈப்போவுக்கு வடக்கே ஒரு சின்ன டவுன். கோப்பிக்கடை வாசலில், அஞ்சடி என்று நாங்கள் சொல்லும் கூரையிட்ட நடைபாதையில் உட்கார்ந்தார். சிலுவார் என்கிற கால்சட்டைக்கு நீளம் குறைப்பது, பள்ளிச் சீருடைக்கு ஜிப் மாற்றுவது. அந்தக் கடை வரிசைக்கே ஒரே கழிப்பறை, கோப்பிக்கடைக்குள். பூட்டியிருக்கும். ஏதாவது வாங்கிக் குடித்தால்தான் கடை முதலாளி தவுக்கே சாவி தருவார்.

"சாவிக்காகத் தேத்தண்ணி குடிக்கணும். குடிச்சதுக்காக மறுபடி சாவி கேக்கணும். இது என்னா கணக்குலா?" என்று அம்மா சிரிப்பார். பிறகு குடிப்பதையே விட்டார்.

சிறுநீர்த் தொற்று அடிக்கடி வந்தது. சர்க்கரை நோயும் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. "அடக்கி வைக்காதீங்கமா" என்பார் டாக்டர். எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் சிறுநீரகம் இரண்டும் போயின.

போன வருடம் டவுன் மையத்தைப் புதுப்பிக்கும் திட்டத்தை நகராட்சி மண்டபத்தில் காட்சிக்கு வைத்தார்கள். ரத்தச் சுத்திகரிப்பு இல்லாத நாளில் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனார். திட்டம் தீட்டிய நிறுவனத்து இளைஞர் ஷர்வின், மாதிரி அமைப்பைக் காட்டினார்.

"இது நீரூற்று ஆன்ட்டி. ராத்திரி கலர் மாறும்."

"தண்ணிய நீங்க மேல விடுறீங்க, சரி. நாங்க எங்க தம்பி விடுறது?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஷர்வினுக்கு முகம் சிவந்தது. "பேரங்காடியில இருக்கே ஆன்ட்டி. பத்து நிமிஷ நடைதான்."

"நான் போய்ட்டு வர்ற வரைக்கும் மெஷின்ல நீ உக்காருவியா? ஜிப்பு மாத்தத் தெரியுமா?" மாதிரியில் நட்டிருந்த மரங்களை அம்மா விரலால் தொட்டுப் பார்த்தார். "தோட்டத்துல மரத்துக்குப் பின்னாலயாவது போனோம். இது ஒரு பூனையக்கூட மறைக்காது."

கட்டடங்களுக்குக் கழிவுநீர்க் குழாய் வடிவமைப்பது என் தொழில். வரைபடத்தைப் பார்த்தேன். நீரூற்றுக்குப் புதுத் தண்ணீர்க் குழாய். பக்கத்திலேயே பிரதான கழிவுக்குழாய். கழிப்பறைக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. கழிப்பறைதான் இல்லை.

ஆட்சேபத்தை நான் எழுதினேன். அம்மா கையெழுத்திட்டார். "எனக்கு இனிமே தேவப்படாது. பாப்பாவுக்கு வேணும்." பாப்பா, அம்மாவுக்குப் பக்கத்தில் பூக்கட்டும் பெண். முப்பது வயது. அவளும் பகலில் குடிப்பதில்லை.

கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது என்று நகராட்சியிலிருந்து பதில் வந்தது. திட்டம் மாறவில்லை.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் அம்மா இறந்தார். கருமாதி முடிந்தபின் ஷர்வின் வீட்டுக்கு வந்தார். நீண்ட பயணம். முதலில் டாய்லெட் எங்கே என்று கேட்டார். காட்டினேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். "அக்கா, நீரூற்றுக்கு எதிரே பாரம்பரியச் சுவரோவியம் வருது. ஆன்ட்டிய மெஷினோட வரையப்போறோம். நல்ல போட்டோ ஒண்ணு வேணும்."

"டாய்லெட் வருதா?"

"இந்தக் கட்டத்துல இல்லக்கா. அப்புறம் பாக்கலாம்லா."

அலமாரியைத் திறந்து போட்டோவை எடுத்தேன். மெஷின் முன்னால், வாயில் ஊசியோடு அம்மா. ஷர்வின் கை நீட்டினார். கொடுக்கவில்லை.

"தரேன். டாய்லெட் சுவத்துல வரைங்க."

"ஆன்ட்டியவா? மரியாதையா இருக்காதுக்கா."

"இத்தன வருசமா எந்த மரியாத இருந்துச்சு? மொதல்ல சுவரக் கட்டுங்க. பாப்பா அங்கதான் உக்காந்திருக்கா."

அவர் போனபின் போட்டோவை உள்ளே வைத்து அலமாரியைப் பூட்டினேன். சாவி என்னிடம் இருக்கிறது.