இரண்டாவது லைன் எங்கே போகிறது?

வேலை ஒழுங்காக முடிந்தது என்று காட்ட, வாடிக்கையாளர் கண்ணெதிரே நாமே கேபிளைப் பிடுங்க வேண்டிய தொழில் எங்களுடையது. ஒரு இன்டர்நெட் லைன் படுத்தால் ஃபயர்வால் பெட்டி தானாகவே இன்னொன்றுக்கு மாற வேண்டும், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ படுத்தும் பாடு, இதே வேலையில் மாரடிக்கும் உங்களுக்குத் தெரியாததா?

விவேக் நகரில் ஸ்டெல்லா மேடம் ஆன்லைன் தேர்வு மையம் திறந்தார். முதல் தேர்வே பாதியில் நின்றால் அடுத்த தேர்வு அவருக்கு வராது. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்.

பச்சை விளக்கு

கேபிளைப் பிடுங்கிக் காட்டினேன், அழகாக மாறியது. மறுநாளே போன்: நெட்டும் இல்லை, பெட்டி மாறவும் இல்லை. போய்ப் பார்த்தால் முதல் லைனின் மோடத்தில் பச்சை விளக்கு ஜம்மென்று எரிகிறது. கோளாறு அதையும் தாண்டி எங்கோ வெளியே. எங்கள் ஃபயர்வாலோ பக்கத்திலிருக்கும் மோடத்தை மட்டும் விசாரித்துவிட்டு, எல்லாம் சரி என்று இருந்துவிட்டது. தூரத்துச் சர்வர்களையும் விசாரிக்கும்படி மாற்றினேன். மேடம் கேட்டார்: “பச்ச லைட்டு எரிஞ்சா நெட் இருக்குன்னு நாந்தான் நெனச்சேன், உங்க பெட்டியுமா தம்பி?”

ஒரே மரம்

இரண்டு கம்பெனி, இரண்டு லைன். ஆனாலும் ஒரு மதியம் இரண்டும் சேர்ந்தே படுத்தன. அதெப்படி? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட வேலை செய்யும் கன்னடக்கார மஞ்சுநாத்தை இழுத்துக்கொண்டு, கேபிள் போகும் வழியே அண்ணாந்து பார்த்தபடி தெருவில் நடந்தேன். வெவ்வேறு ஜன்னல் வழியாக வெளியே வந்த இரண்டும், பேக்கரி தாண்டி ஒரே மரத்தில் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. கிளை வெட்ட வந்தவர்கள் இரண்டையும் சேர்த்து வெட்டியிருந்தார்கள். இரண்டாவது லைனைத் தூக்கிவிட்டு, மாடியில் ஆன்டெனா வைத்து சிம் கார்டு இணைப்புக் கொடுத்தோம். மஞ்சுநாத் சொன்னான்: “கம்பெனிதான் ரெண்டு மச்சா, மரம் ஒந்தே!”

போவதும் வருவதும்

மாதிரித் தேர்வன்று முதல் லைன் நொண்டியது. அது போனதும் பெட்டி மாறியது, வந்ததும் மறுபடி அதனிடமே ஓடியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இன்டர்நெட் முகவரியும் மாற, வேறு யாரோ நுழைகிறார்கள் என்று சந்தேகப்பட்டுத் தேர்வு மென்பொருள் எல்லாரையும் வெளியே தள்ளியது. இப்படியும் நடக்குமா என்று நான் வாயைப் பிளந்து பார்க்க, மேடத்துக்கு அழுகையே வந்துவிட்டது. “போனது திரும்பி வந்தா உடனே சேத்துக்கணுமா? கொஞ்ச நேரம் வெளியில நிக்க வைங்க தம்பி!”

தேர்வு நாள்

அப்படியே நிற்க வைத்தேன். மாறினால் ஒரே மாற்றம்தான், தேர்வு முடியும்வரை திரும்பக் கூடாது. நடுவில் முதல் லைன் படுத்தது. எல்லாரும் ஒரு தடவை மறுபடி உள்ளே நுழைய வேண்டி வந்தது, பதில்கள் பத்திரமாக இருந்தன, தேர்வும் முடிந்தது. மேடம் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. வெளியே வந்த ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: “ஸ்க்ரீன் போச்சுல்ல, அந்த கேப்புலதாண்ணா எனக்கு ஒரு ஆன்சர் ஞாபகம் வந்துச்சு, தேங்க்ஸ்!”

எங்கள் தொழிலில் பாராட்டு வருவதே அபூர்வம், வந்தாலும் அது படுத்துக்கொண்ட லைனுக்குத்தான் போய்ச் சேருகிறது.