எட்டாம் நம்பர் வாழ்த்து

தந்தியை வாங்க மாட்டேன் என்று அக்காள் இரு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. சீனச் சண்டை நடந்த வருஷம். அத்தான் எல்லையில் பட்டாளத்தில் இருந்தார். கடிதம் நின்று வெகுநாளாகியிருந்தது. இலுப்பூரில் எங்கள் தெருவுக்குள் தந்திக்காரரின் சைக்கிள் திரும்பியதுமே எதிர்வீட்டில் அரிசி புடைக்கிற சத்தம் நின்றுபோயிற்று.

ஆசிரியப் பயிற்சி முடித்து வந்திருந்த நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தேன். ஆங்கிலத்தில் ஒரே வரி. கீழே அத்தானின் பெயர்.

"சாவு இல்லக்கா. 'மணவாழ்க்கை நீண்டு இனிதாக அமைய வாழ்த்துகள்'னு போட்டிருக்கு."

கல்யாணமாகிப் பல வருஷமான பெண்டாட்டிக்கு எந்தப் புருஷன் கல்யாண வாழ்த்து அனுப்புவான்? அக்காளின் முகம் இன்னும் வெளுத்தது. "வேற யாரோ அவரு பேரப் போட்டு அனுப்பிருக்காங்கடி," என்றாள்.

தபாலாபீசுக்கு ஓடினோம். வாழ்த்துத் தந்திக்கு அச்சடித்த வாக்கியங்கள் உண்டாம். அனுப்புகிறவர் ஒன்றைச் சொன்னால் அதன் நம்பர் மட்டும் கம்பியில் போகுமாம். சேருகிற ஊரில் அதை மறுபடி வாக்கியமாக்குவார்களாம். போஸ்ட்மாஸ்டர் விளக்கினார்.

"இங்கிட்டு வந்தது எட்டு, ஆத்தா. அங்கிட்டு அவரு என்ன சொன்னாரோ, யாரு கண்டா?"

"அப்ப அவரு நல்லாத்தான் இருக்காருங்களா?" என்றாள் அக்காள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தந்தி குடுக்குறப்ப இருந்திருக்காரும்மா."

அந்தக் 'குடுக்குறப்ப' எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அக்காள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பாள். தாலியை ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டாள். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதாம். இரவில் அவள் தூங்குகிறாளா என்று பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மாசி மாதம் அத்தான் வந்தார். பனியில் இடது கால் விரல்கள் போயிருந்தன. தந்தியைப் பற்றி நான்தான் கேட்டேன். ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்கு நம்பர் தந்தி மட்டும் இலவசமாம். எழுத வந்தவனிடம் இவர், "உசுரோட இருக்கேன்னு போடுப்பா" என்றிருக்கிறார். அவன் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்படி ஒரு வாக்கியமே இல்லை, அதற்கு நம்பர் கிடையாது என்று கைவிரித்துவிட்டான்.

"அதான், ரொம்ப நாளு சேந்து இருப்போம்ங்குற மாதிரி எது இருக்கோ அதப் போடுன்னேன்," என்றார்.

சமையற்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்காள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அத்தான் எழுந்தார். நடக்க வரவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து அவளிடம் போனார்.